கீபோர்டு வாங்கும் முன் ஒரு பாட்டியை அழையுங்கள்

நீலகிரி மாவட்டத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோருக்கும் வணக்கம்.

ஆண்டு விழாவுக்குப் பணம் சேர்க்கத் தொடங்கியிருக்கிறீர்கள். கீபோர்டு வாங்கலாமா, பெரிய ஸ்பீக்கர் வாங்கலாமா என்று இரண்டு பள்ளிகளிலிருந்து என்னிடம் கேட்டார்கள். இரண்டும் வேண்டாம் என்றேன். காரணத்தைப் போனில் சொல்லி முடியவில்லை. அதனால் எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கு ஆசையாக ஒரு கீபோர்டு வாங்கினார்கள். வாசிக்கத் தெரிந்த ஆசிரியர் மறு ஆண்டே மாறுதலில் போய்விட்டார். பீரோவுக்குள் இரண்டு மழைக்காலம் கிடந்து அது பூசணம் பிடித்தது. பள்ளியில் இருந்த பிள்ளைகளில் அதைத் தொட்டுப் பார்த்தவர்கள் மூன்று பேர். ஆண்டு விழாவன்று ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடியது, பிள்ளைகள் வாயசைத்தார்கள். அன்று மேடையில் ஒரு பிள்ளையின் சொந்தக் குரல்கூடக் கேட்கவில்லை. அது எனக்கு இன்றும் ஆறவில்லை.

தேயிலைச் சரிவில் ஒரு பிள்ளை அக்கரையில் இருப்பவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதைக் கவனித்திருக்கிறீர்களா? முதல் எழுத்து உயரத்தில் நீளும், கடைசி எழுத்து இறங்கி நீளும். பல நேரம் அது பஞ்சமத்திலிருந்து (ப) காந்தாரத்துக்கு (க) இறங்கும் இடைவெளிதான். யாரும் சொல்லிக் கொடுக்காமலே பிள்ளையிடம் இருக்கும் முதல் இரண்டு சுரம் அவை. ஹங்கேரியில் இசையமைப்பாளர் சோல்தான் கோடாய் இங்கிருந்துதான் பிள்ளைகளுக்கு இசையைத் தொடங்கச் சொன்னார். அவரும் இன்னொரு இசையமைப்பாளரான பேலா பார்டோக்கும் 1905ஆம் ஆண்டையொட்டி ஊர் ஊராகப் போய்க் குடியானவர்களின் பாட்டைச் சேகரித்தவர்கள். தாய்மொழியைப் பேசிப் பழகிய பிறகு எழுத்து படிப்பதுபோல, தன் ஊர்ப் பாட்டைப் பாடிப் பழகிய பிறகு சுரம் படிக்கட்டும், கருவி அதற்கும் பிறகு வரட்டும் என்பது கோடாயின் வழி. தினமும் பாட்டு உள்ள தொடக்கப் பள்ளி அவர் பிறந்த கெச்கெமேட் ஊரில் 1950இல் தொடங்கியது.

கர்நாடக இசையின் முதல் பாடமான நம் சரளி வரிசையை நான் குறை சொல்லவில்லை, நானும் அதில் தேறியவள்தான். ஆனால் அதைப் பாடும் மாயாமாளவகௌளை ராகத்தில் ஸட்ஜத்தை (ஸ) ஒட்டியே ரிஷபம் (ரி), பஞ்சமத்தை ஒட்டியே தைவதம் (த). ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்த நெருக்கம் பிடிபட நாளாகும். மோகன ராகத்தின் ஐந்து சுரத்தில் அப்படி நெருக்கம் இல்லை, பிள்ளை தயங்காமல் பாடும். முதல் இரண்டு ஆண்டுக்கு அந்த ஐந்து போதும்.

தாளத்துக்குக் கைத்தட்டும் ஊர்ப் பெயரும் போதும். எழுத்துக்கு ஒரு தட்டாக ‘உதகை’ என்று தட்டச் சொல்லுங்கள், மூன்று தட்டுத் ‘தகிட’ வந்துவிடும். ‘அரவேனு’ என்றால் நான்கு தட்டுத் ‘தகதிமி’. ‘மலை உதகை’ ஐந்து, தாளத்தில் அதற்குப் பெயர் கண்டம். ‘உதகை அரவேனு’ ஏழு, அது மிஸ்ரம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பாதி ‘உதகை’யையும் மறு பாதி ‘அரவேனு’வையும் ஒரே சீரில் தட்டிக்கொண்டே போய்ப் பன்னிரண்டாம் தட்டு முடிந்ததும் இரண்டும் சேர்ந்து தொடங்குவதைக் கண்டு கத்தியதை நான் பார்த்திருக்கிறேன். அன்று மூன்றாம் வாய்ப்பாட்டை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை. தொடக்க வகுப்புகளுக்கான அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பாட்டும் கைத்தட்டலும் ஏற்கெனவே இருக்கின்றன. அதையே இன்னும் கொஞ்சம் தீவிரமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இனி பாட்டுக்கு எங்கே போவது என்ற கேள்வி. நம் ஒரு வகுப்பறையில் படகர் வீட்டுப் பிள்ளை, இருளர் பிள்ளை, கோத்தர் பிள்ளை, டான்டீ என்னும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் லைன் வீட்டிலிருந்து வரும் பிள்ளை நால்வரும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களில் கண்டி மலையில் பாடிய கும்மியும் தாலாட்டும் தெரிந்த பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். படகரின் ஹெத்தெகளிடமும், அதாவது அவர்கள் பாட்டிகளிடமும், பாட்டு இருக்கிறது. தோடர் பாட்டில் ஒரு சொற்றொடர் வந்தால் அதற்கு இணையாக இன்னொரு சொற்றொடர் வர வேண்டும். அதே விளையாட்டைத் தமிழில் ஆடிப் பார்த்தால் பிள்ளைகள் தாமே அடி கட்டுவார்கள்.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்கிறேன். எல்லாப் பாட்டும் மேடைக்கு அல்ல. கோத்தர்கள் கொள் என்னும் ஊதுகுழலை ஊதும்போது தெய்வத்துக்கு ஒரு வகை மெட்டு, சாவுக்கு ஒரு வகை, ஆட்டத்துக்கு ஒரு வகை என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். பள்ளிகளுக்கான கலைத் திருவிழாப் போட்டியில் பரிசு வாங்க வேண்டும் என்பதற்காகப் பெரியவர்களைக் கேட்காமல் எதையும் எடுத்துவிடாதீர்கள். ஆட்டத்துக்கு உரியதை அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள். ‘பழங்குடி நடனம்’ என்று இலைதழை கட்டி ஆடவிடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்தப் பிள்ளை நம் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது, பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. ‘எனக்குக் குரல் இல்லை’ என்று ஒதுங்காதீர்கள். ஆண் ஆசிரியர்கள் தங்கள் சுருதியில் தொடங்கினால் பிள்ளைகள் அந்த அளவுக்கு இறங்க முடியாமல் முனகுவார்கள். ஒரு பிள்ளையை முதலில் எடுக்கச் சொல்லி, அந்தச் சுருதியில் மற்றவர்களைச் சேர விடுங்கள். சத்தமாகப் பாடு என்று ஒருபோதும் சொல்லாதீர்கள், கத்தித்தான் தொண்டை கட்டுகிறது. சுருதி சேராத பிள்ளையை வாயை மட்டும் அசைக்கச் சொல்லி ஓரத்தில் நிறுத்தாதீர்கள். நன்றாகப் பாடும் இருவருக்கு நடுவில் நிறுத்துங்கள், சில மாதத்தில் சேர்ந்துகொள்ளும்.

நான் கேட்பது தினம் இருபது நிமிடம். ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரிப் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் மைதானத்துக்குப் போக முடியாது, அந்தப் பீரியடையும் பாட்டுக்குக் கொடுங்கள். கீபோர்டுக்கு வைத்த பணத்தில் நல்ல தோல் பறை இரண்டு வாங்குங்கள். பனியில் தோல் தளர்ந்தால் அனலில் காட்டிக் காய்ச்சிக்கொள்ளலாம், அதை எப்படிச் செய்வது என்று உங்கள் ஊரிலேயே சொல்லித்தர ஆள் உண்டு. பாட வரும் பாட்டிக்கு ஒரு நாள் பறிப்புக் கூலியைக் கொடுத்துவிடுங்கள். அவர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வருகிறார்.

முதல் வகுப்பு எடுக்கத் தயக்கமாக இருந்தால் சொல்லி அனுப்புங்கள். காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓர் இடைநிலை ஆசிரியை,
கோத்தகிரி