பெயர் எழுதிக்கொண்ட சபைக்கு நன்றி

காட்பாடி

கர்த்தருக்குள் அன்பான ஆயர் ஐயா அவர்களுக்கும், மூப்பர்களுக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத் தாய்மார்களுக்கும், வாலிபர் சங்கத்துத் தம்பி தங்கையருக்கும் என் ஸ்தோத்திரங்கள்.

என் மனைவி குடல் அறுவைச் சிகிச்சைக்குப் பின் வேலூரில் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த 41 நாளும் நீங்கள் செய்ததற்கு ஒவ்வொருவரிடமும் நேரில் நன்றி சொல்ல முயன்றேன். தொண்டை அடைத்துக்கொள்வதால் இம்மடலை எழுதுகிறேன்.

இவ்வூருக்குக் குடிவந்த பின் 9 ஆண்டுகள் நாங்கள் எந்தச் சபையிலும் பெயர் கொடுக்கவில்லை. ஒரு ஞாயிறு இங்கே, மறு ஞாயிறு பாட்டு நன்றாக இருக்கும் இன்னோர் ஆலயம், மழை பெய்தால் தொலைக்காட்சிப் பிரசங்கம் என்று காலம் போயிற்று. என் தகப்பனார் இறந்த அன்று, அடக்க ஆராதனைக்கு எந்த ஆயரை அழைப்பது, எந்தக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்பது என்று தெரியாமல், கைப்பேசியைப் பிடித்தபடி வாசலில் நின்றேன். அதற்காக எந்தச் சபையையும் நான் குறை சொல்லமாட்டேன். தங்களிடம் இல்லாத பெயரை அவர்கள் எப்படித் தேடுவார்கள்?

அதன் பிறகுதான் நம் மூப்பர் ஒருவரின் சொல் கேட்டு, இராணிப்பேட்டைப் பக்கத்திலுள்ள எங்கள் பூர்விகச் சபைக்கு, உங்கள் சபையில் பெயர் சேர்ப்பதற்கான மாற்றுக் கடிதம் வாங்கப் போனேன். அங்கே பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை விரித்து, மங்கிய மையில் இருந்த என் பாட்டனார் பெயரைக் காட்டினார்கள். 1853-இல் அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் சகோதரர்கள் ஆற்காடு மிஷனைத் தொடங்கிய பிறகு இவ்வட்டாரத்தில் எழும்பிய சபைகளில் அதுவும் ஒன்று. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதனோடு இணைந்தது. மிஷன் போய்த் திருச்சபை வந்தும் அந்தப் பெயர் அழியாமல் இருந்தது. எனக்காக அந்த ஏட்டைக் காத்து வைத்திருந்தவர்களுக்கும் இங்கே நன்றி சொல்கிறேன்.

ஆனாலும் மாதச் சந்தா அட்டை கைக்கு வந்தபோது அதை ஒரு காகிதமாகவே நினைத்து மேசை இழுப்பறையில் போட்டேன். அதன் பொருள், தொடர்ந்து இரண்டு ஞாயிறு எங்களைக் காணாமல் நீங்கள் கதவைத் தட்டியபோதுதான் விளங்கியது. இரத்தம் கொடுக்க 7 வாலிபர்கள் வந்தார்கள். இரவுக் காவலுக்கு நீங்களே முறை வகுத்துக்கொண்டு என்னை வீட்டுக்கு அனுப்பித் தூங்கச் செய்தீர்கள். எழுபது வயதைக் கடந்த ஒரு பாட்டியம்மா தூக்குவாளியில் கஞ்சியோடு பேருந்தேறிப் பாலாற்றுப் பாலத்தைக் கடந்து வருவார். கஞ்சியை ஆற்றிக் கொடுத்துவிட்டு, வீங்கியிருந்த என் மனைவியின் பாதங்களைத் தம் மடியில் வைத்து, ஈரத்துணியால் விரல் இடுக்குகளைக்கூட விடாமல் துடைப்பார். அவர்கள் இருவருக்கும் உறவு, வீடுதோறும் சமைக்கும்போது சபைக்கென்று ஒரு பிடி எடுத்து வைக்கும் கைப்பிடி அரிசியைச் சேகரிக்கையில் வாசலில் பேசிக்கொண்ட பழக்கம் மட்டுமே.

எங்கள் தெருவின் கைப்பிடி அரிசியைச் சேகரிப்பவள் என் மனைவிதான். மயக்கம் தெளிந்த மூன்றாம் நாள் அந்தப் பாட்டியம்மாவிடம் அவள் முதலில் கேட்டது, "அரிசிப் பையை யார் எடுத்துக்கிட்டுப் போறாங்க?" என்பதே. பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 12-ஆம் அதிகாரத்தில் சபையை ஓர் உடலாகவும், நம்மை அதன் அவயவங்களாகவும் சொல்கிறார். அங்கத்தினர் என்ற நம் சொல்லுக்குள்ளும் அங்கம் இருக்கிறது. பலமுறை படித்த அந்த அதிகாரம், வலியோடு படுத்திருந்தவள் மற்றவர் வீட்டு அரிசியைப் பற்றிக் கவலைப்பட்டபோதுதான் எனக்குப் புரிந்தது. பெற்றுக்கொள்ள மட்டும் பெயர் கொடுத்தவள் அல்ல அவள். நான் அப்படித்தான் இருந்தேன் என்பதை உங்கள்முன் ஒப்புக்கொள்கிறேன்.

அவள் இப்போது சுவரைப் பிடித்தபடி நடக்கிறாள். வரும் ஞாயிறு திருவிருந்துக்கு அழைத்துவருகிறேன். அவளால் முழங்காற்படியிட முடியாததால், ஆயர் ஐயா அவள் இருக்கைக்கே வந்து கொடுக்கும்படி வேண்டுகிறேன். அவள் குணமாகும்வரை எங்கள் தெருவுக்கு நான் போகிறேன். அரிசிப் பையைத் தயவுசெய்து எங்கள் வீட்டுக்கே அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சபையின் அங்கத்தினன்