48-ஆம் நாள் போன குளத்தில் உனக்கு மிச்சம் என்ன

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நேற்று ராத்திரி உன் ஆராய்ச்சிக் குளத்திலிருந்து நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இறாலின் தலை ஓட்டை உரித்து டார்ச் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்திருக்கிறாய். உள்பக்கம் வெள்ளைப் புள்ளிகள் நன்றாகவே தெரிகின்றன. காரத்தன்மை கூடிய தண்ணீரிலும், சில பாக்டீரியாவாலும் இதே மாதிரி புள்ளி விழும் என்பதால் பிசிஆர் (வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனை) பார்க்கத்தான் வேண்டும். ஆனால் இரண்டே நாளில் கரையோரம் ஒதுங்கியதைப் பார்த்தால் வெண்புள்ளி வைரஸ்தான் என்று எனக்கும் தோன்றுகிறது. "டிஓசி 48 (குஞ்சு விட்டு 48-ஆம் நாள்), ஆறு மாச வேலை போச்சும்மா" என்று எழுதியிருக்கிறாய். குளம் போய்விட்டது, உண்மை. வேலை போயிற்றா என்பது இதுவரை நீ என்ன எடுத்து வைத்திருக்கிறாய் என்பதைப் பொறுத்தது.

முதலில் உடனே செய்ய வேண்டியது. அந்தக் குளத்துத் தண்ணீர் ஒரு சொட்டும் கால்வாய்க்குப் போகக்கூடாது. மதகை மூடி, பிளீச்சிங் போட்டு, குறைந்தது ஒரு வாரம் தேக்கி வைக்கச் சொல். அதற்கு முன்னால், இன்னும் உயிரோடு தள்ளாடுகிற இறாலில் இருபது முப்பது பிடித்துச் செவுளையும் நீச்சல் காலையும் வெட்டி 95 சதவீத எத்தனாலில் போடு. திசு ஒரு பங்கு என்றால் எத்தனால் பத்துப் பங்கு. செத்து மிதக்கிறவை வேண்டாம். இன்னொரு பத்து இறாலுக்குக் கல்லீரல் கணையத்தில் நேராக ஊசியால் டேவிட்சன் கரைசல் (திசு கெடாமல் காக்கும் திரவம்) ஏற்றிவிட்டு, அதே கரைசலில் மூழ்க வை. அந்த உறுப்பு முழுக்கச் செரிமான நொதி. உயிர் போன சில நிமிஷங்களிலேயே தன்னைத்தானே கரைக்க ஆரம்பித்துவிடும். வெறுமனே ஜாடியில் போட்டால் கரைசல் உள்ளே போய்ச் சேருவதற்குள் சிலைடில் பார்க்க ஒன்றும் இருக்காது. 24 முதல் 48 மணி நேரத்துக்குள் 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றிவிடு. டேவிட்சனில் அமிலம் உண்டு, மரபணுவைச் சிதைக்கும். அதனால் அந்த ஜாடியிலிருந்து பிசிஆருக்கு எடுக்கவே எடுக்காதே.

இனி நான் உண்மையில் எழுத உட்கார்ந்த விஷயம். உன் வயதில் இந்தத் துறைக்கு வருகிறவர்களை வாட்டுவது பெரும்பாலும் இரண்டு பஞ்சாங்கம். குளத்துக்கு ஒன்று, ஆபீசுக்கு ஒன்று. வன்னாமி இறால் விட்டால் 100, 120 நாள் ஓட வேண்டும். உங்கள் நெல்லூர்ப் பக்கமும் நம் டெல்டா கரை மாதிரி வடகிழக்குப் பருவமழை வாங்கும் ஊர். மாசி, பங்குனியில் விட்டால் கோடைப் பயிர். அது தவறினால் ஆனி கடைசிக்குள் விட வேண்டும், இல்லையென்றால் ஐப்பசி அடைமழை வந்து உப்பையும் காரத்தன்மையையும் ஒரே ராத்திரியில் இறக்கிவிடும். ஆபீஸ் பஞ்சாங்கமோ ஏப்ரலில் தொடங்கி மார்ச் 31-இல் முடியும். பணம் வந்து இறங்க ஜூன், ஜூலை ஆகிறது. குஞ்சு விட வேண்டிய நேரத்தில் தீவனம் வாங்கக் காசு இருக்காது; காசு வந்த நேரத்தில் மழை. மார்ச்சில் செலவுக் கணக்குச் சான்றிதழ் கேட்பார்கள், மிச்சத்தைத் திருப்பச் சொல்வார்கள். நடுவில் ஒரு வைரஸ் வந்துவிட்டால் மூன்று வருஷ புராஜெக்டில் ஒரு வருஷம் காலி. பெல்லோஷிப் அதற்காக ஒரு வருஷம் நீளாது.

இதை நீ மாற்ற முடியாது. ஆனால் ஒவ்வொரு பயிரிலும், அது அறுவடை வரை போனாலும் போகாவிட்டாலும், உன் பெயரில் ஏதாவது ஒன்று மிஞ்சும்படி வேலையை அமைத்துக்கொள்ள முடியும். அப்படி வேலை அமைக்க யாரும் வகுப்பெடுப்பதில்லை. எனக்குக் கோபம் வருவது அதில்தான்.

இந்தக் குளத்தையே எடுத்துக்கொள். குஞ்சு இறக்கிய நாளில் கொஞ்சம், பிறகு பத்து நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் எத்தனாலில் எடுத்து வைத்திருந்தாயானால் உன் கையில் ஒரு சிறு கட்டுரை இருக்கிறது. குஞ்சிலேயே வைரஸ் இருந்ததா, 20-ஆம் நாள் வந்ததா, 40-க்குப் பிறகு நண்டு வழியாக வந்ததா என்று பின்னோக்கிச் சோதித்துச் சொல்லலாம். கரைக்கு நண்டு வேலி எந்தப் பக்கம் கிழிந்திருந்தது என்ற குறிப்பும் அப்போது மதிப்புள்ள தரவு. எண்ணிக்கை மட்டும் கவனம். 30 இறால் சோதித்து எல்லாம் நெகட்டிவ் என்றால் "வைரஸ் இல்லை" என்று எழுதாதே. பத்தில் ஒன்றுக்காவது தொற்று இருந்திருந்தால் 95 சதவீத உறுதியோடு அகப்பட்டிருக்கும் என்றுதான் பொருள். நூற்றுக்கு ஐந்து அளவைப் பிடிக்க 60 இறால், நூற்றுக்கு இரண்டைப் பிடிக்க 150. இதைக் குஞ்சு உற்பத்தி செய்யும் ஹேட்சரிக்காரர்களே மறந்துவிட்டுச் சான்றிதழ் கொடுக்கிறார்கள்.

குப்பிக்கு லேபிள் எப்படி எழுதுகிறாய்? படத்தில் மார்க்கர் பேனா தெரிந்தது. எத்தனால் ஒரு துளி வழிந்தால் மார்க்கர் மை மொத்தமும் கரைந்து ஓடிவிடும். கெட்டித் தாளில் பென்சிலால் குளம், நாள், உறுப்பு எழுதிக் குப்பிக்கு உள்ளேயே போடு. ஆறு மாதம் கழித்துக் குளிர்பெட்டியைத் திறக்கும்போது அடையாளம் தெரியாத நாற்பது குப்பி இருப்பது, குப்பியே இல்லாததைவிடக் கொடுமை.

தொட்டிச் சோதனையைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதுதான் உனக்குக் காப்பீடு. குளம் செத்தாலும் தொட்டி ஓடும். மூன்று தீவனம், தீவனத்துக்கு நான்கு தொட்டி, ஆக 12 தொட்டி, 500 லிட்டர், தொட்டிக்கு 20 இறால் என்று போட்டிருக்கிறாய். நல்லது. ஆனால் புள்ளியியலில் எண்ணிக்கை 240 என்று எழுதியிருக்கிறாயே, அதை அடித்துவிடு. தீவனம் தொட்டிக்குப் போகிறது, இறாலுக்குத் தனித்தனியாகப் போகவில்லை. அதனால் ஒரு தீவனத்துக்கு உன் எண்ணிக்கை நான்கு, அவ்வளவுதான். சூழலியலாளர் ஹர்ல்பர்ட் 1984-லேயே இதைப் போலி மறுபதிவு என்று பெயர் வைத்துக் கண்டித்தார். இன்றைக்கும் திருப்பி அனுப்பப்படும் கைப்பிரதிகளில் இந்தத் தவறு இருக்கிறது. இன்னொன்று, எந்தத் தொட்டிக்கு எந்தத் தீவனம் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடு. ப்ளோயருக்குப் பக்கத்துத் தொட்டிக்குக் காற்று அதிகம் போகும், வாசல் பக்கத்துத் தொட்டி ஆள் நடமாட்டத்தில் மிரளும். வரிசையாக முதல் நான்கும் ஒரே தீவனம் என்றால், நீ அளப்பது தீவனத்தையா காற்றையா என்று யாராலும் சொல்ல முடியாது.

உன் டிஓ மீட்டர் (தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் கருவி) விஷயம் இன்னும் அவசரம். விடியற்காலை 5 மணி அளவு என்று நீ அனுப்பிய அட்டவணையில் உப்பு ஆயிரத்துக்கு 30-க்கு மேல் இருக்கிற குளத்தில் 30 டிகிரியில் ஆக்சிஜன் சாதாரணமாக இருக்கிறது. எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. மீட்டரில் உப்பு அளவு பூஜ்யம் என்று வைத்திருக்கிறாயா பார். அந்த வெப்பத்தில் நல்ல தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் பிடிக்கும், கடல் தண்ணீர் 6.2 அளவுக்குத்தான் பிடிக்கும். சென்சார் உணர்வது வாயுவின் அழுத்தத்தை. அதை மில்லிகிராமாக மாற்றுவது உள்ளே இருக்கும் கணக்கு. உப்பைச் சொல்லாவிட்டால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் காட்டும். 4 என்று நீ நிம்மதியாக எழுதுகிற இடத்தில் உண்மை 3.3 ஆக இருக்கலாம். மீட்டர் அமைப்பை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தால் பழைய அளவுகளையெல்லாம் திருத்திக்கொள்ளலாம். எழுதவில்லை என்றால் 48 நாள் தரவும் சந்தேகத்துக்குரியதுதான்.

பணம். 2023-இல் மாத ஆய்வு உதவித்தொகையை இளநிலைக்கு (ஜேஆர்எஃப்) 37,000, முதுநிலைக்கு (எஸ்ஆர்எஃப்) 42,000 என்று உயர்த்தினார்கள். தாளில் நன்றாக இருக்கிறது. கைக்கு மூன்று மாதம் சேர்த்து ஒருமுறை வரும். ஆகவே மூன்று மாதச் செலவு எப்போதும் வங்கியில் இருக்கட்டும். பண்ணைக்கு உன் கைக்காசில் டீசல், ஐஸ், எத்தனால் வாங்காதே. வாங்கியே ஆக வேண்டுமென்றால் அன்றைக்கே பில்லோடு கைடுக்கு மெயில் போட்டுவிடு. நல்ல மனிதர்கூட மார்ச் கடைசியில் மறந்துவிடுவார்.

கட்டுரையில் யார் பெயர் எங்கே என்பதைச் சோதனை தொடங்குவதற்கு முன்னால் கேட்டுவிடு. முகம் சுளிப்பார்களோ என்று தயங்காதே. "சார், இந்தத் தொட்டிச் சோதனையை நான் முதல் ஆசிரியராக எழுதலாமா?" என்று ஒரு வரி மெயில், பதில் வந்ததும் அதைச் சேமித்து வை. குளத்தில் இறங்கி மாதிரி எடுத்த பிள்ளை நன்றி நவிலலில் மட்டும் நிற்பது இந்தத் துறையில் சர்வ சாதாரணம். எனக்கு அது ஆறவே ஆறாது. இதழ் பொறுக்கும்போது கட்டணத்தை முதலில் பார். சந்தா இதழாக இருந்த சில நல்ல இதழ்கள் திறந்த அணுகலுக்கு மாறிவிட்டன. கட்டுரையை ஏற்ற பிறகு வரும் பில் உன் பல மாதச் சம்பளம்.

வேலை என்று பார்த்தால், ஏஆர்எஸ் (வேளாண் ஆராய்ச்சிப் பணி) தேர்வு எழுதத்தான் போகிறாய், தெரியும். அதில் எந்தப் பிரிவில் உட்காரலாம் என்பது உன் பட்டத்தைப் பொறுத்தது. அறிவிப்பு வந்ததும் தகுதிப் பக்கத்தை வரிவரியாகப் படி, வயது வரம்பையும். மீன்வளப் பல்கலைக்கழகங்களில் பல ஆசிரியப் பதவிக்கு இளங்கலையிலேயே பி.எஃப்.எஸ்சி. (மீன்வளப் பட்டம்) கேட்பார்கள், எம்.எஸ்சி. வழியில் வந்த உன் தோழிக்கு இதை இப்போதே சொல்லிவிடு, ஐந்து வருஷம் கழித்துத் தெரிந்து அழ வேண்டாம். அந்தக் கதவுகள் குறைவு, திறப்பதும் மெதுவு. தீவனக் கம்பெனி, ஹேட்சரி, நோய் ஆய்வகம் இவற்றை இரண்டாம்தரமாக நினைக்காதே. அங்கே கேட்பது: குளத்தில் நின்று காரணம் சொல்லத் தெரியுமா, ஒரு ஏக்கருக்குக் கணக்குப் போடத் தெரியுமா, எக்செல் தாண்டி 'ஆர்' என்ற புள்ளியியல் மென்பொருளை ஓட்டத் தெரியுமா.

இன்னொன்றும் கேட்பார்கள்: தெலுங்கு. இந்தியாவின் இறாலில் பெரும்பகுதி ஆந்திரத்தில்தான் விளைகிறது. நெல்லூரிலேயே இருக்கிறாய், பேசப் பழகு. செக் ட்ரேயை (இறால் தீவனம் தின்றதா என்று பார்க்கும் தட்டு) தூக்கிப் பார்த்ததும் அந்த ரைத்து, அதாவது விவசாயி, முணுமுணுக்கும் முதல் வார்த்தை புரிந்தால்தான் உனக்கு நிஜமான தகவல் கிடைக்கும். கேள்வித்தாளில் அவர் எழுதுவது வேறு. முக்கியமாக மருந்து விஷயத்தில்.

வெளிநாடு போக ஆசை என்றால் கெண்ட் (பெல்ஜியம்), ஸ்டிர்லிங் (ஸ்காட்லாந்து), வாகனிங்கன் (நெதர்லாந்து) பல்கலைக்கழகங்கள் மூன்றையும் பார். ஆர்டீமியாவும் (குஞ்சுக்கு உணவாகும் சிறு உப்புநீர் உயிரி) குஞ்சுத் தீவனமும் என்றால் கெண்ட். அங்கே உள்ள பேராசிரியருக்கு எழுதும்போது ஆறு பக்க சுயவிவரம் வேண்டாம். ஒரு பக்கம், உன்னிடம் இருக்கும் ஒரு தரவு, அதில் உனக்கு விடை தெரியாத ஒரு கேள்வி. ஆனால் அவர் கேட்டார் என்று மாதிரிக் குப்பியைப் பார்சல் போட்டுவிடாதே. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகச் சட்டப்படி, ஆராய்ச்சிக்காக உயிரிப் பொருளை வெளிநாட்டுக்குக் கொடுக்கும் முன் சென்னையிலுள்ள தேசிய உயிரியல் பன்முக ஆணையத்தின் அனுமதி தேவையா என்று உன் நிறுவனத்தில் எழுத்தில் கேட்டு வாங்கு. அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகலாம், அதையும் திட்டத்தில் போடு.

கைடைத் தவிர இன்னொருவர் வேண்டும். உன் சம்பளமும் பட்டமும் யார் கையில் இல்லையோ அவர். வேறு நிறுவனத்தில், உன்னைவிடப் பத்து வருஷம் மூத்தவராக, முடிந்தால் ஒரு பெண்ணாக. காலை நாலரைக்குக் குளத்துக்குத் தனியாகப் போவது, பண்ணையில் கழிப்பறை இல்லாதது, இதையெல்லாம் கைடிடம் சொல்லக் கூச்சப்படுகிறாய். சொல்லத்தான் வேண்டும், அதுவும் வேலைத் தேவைதான். இரண்டு பேராகப் போக வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதி வாங்கு. ஏரேட்டர் ஓடும்போது குளத்தில் கால் வைக்காதே. உப்புத் தண்ணீரும் பழைய கேபிளும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். போர்டில் 30 மில்லிஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் இருக்கிறதா பார். இல்லையென்றால் அது வரும்வரை மாதிரி எடுப்பதை நிறுத்து. கட்டுரை காத்திருக்கட்டும்.

நாளைக்குக் காலை முதல் வேலையாகக் குளிர்பெட்டியைத் திறந்து 20-ஆம் நாள் குப்பியும் 30-ஆம் நாள் குப்பியும் இருக்கிறதா தேடு. லேபிள் அழிந்திருந்தால் தூக்கிப் போடாதே. நோட்டில் இருக்கும் எண்ணிக்கையோடும் இறால் அளவோடும் ஒப்பிட்டு நாளைக் கண்டுபிடித்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது குப்பிகளைப் பக்கத்தில் வைத்துக்கொள். சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா