நகத்தை ஏன் முழுசாகப் பிடுங்குகிறீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் மழைக்கால நோய்கள் என்று முக்கால் பக்கம் போட்டிருந்தீர்கள். சளி, காய்ச்சல், சேற்றுப்புண் எல்லாம் இருந்தது, கால் பெருவிரலில் நகம் சதைக்குள் ஏறுவதைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. கம்பத்திலிருந்து விடியுமுன்னே ஜீப்பில் கேரள எல்லையில் இருக்கிற கம்பம்மெட்டு மலை ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற எங்களைக் கேட்டுப் பாருங்கள், மழை மாதங்களில் யாராவது ஒருத்தி நொண்டிக்கொண்டுதான் இறங்குவாள். அட்டைக்கும் பாம்புக்கும் பயந்து நாள் முழுக்க ரப்பர் பூட்ஸ், உள்ளே மழைத்தண்ணீரும் வியர்வையுமாக விரல் ஊறிக் கிடக்கும், அந்த பூட்ஸும் ஒரு சைஸ் சின்னதாக அமைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

எனக்கு வந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். தப்பு என்னுடையதுதான். நகத்தின் மூலையை வளைத்து ஒட்ட வெட்டுகிற பழக்கம், அதில் உள்ளே ஒரு சிலும்பு முள் மாதிரி நின்றுபோய், வளர வளர சதையைக் குத்தியது. நகச்சுற்று என்று நினைத்து எலுமிச்சம்பழத்தைச் செருகினேன் (கைவிரல் என்றால் சரி, கால் விரலில் பழத்தோடு எங்கே நடப்பது!). தோட்டத்து மலையாளி சூப்பர்வைசர் அதைக் 'குழிநகம்' என்றார், நகத்தின் நடுவில் 'வி' மாதிரி வெட்டிவிட்டால் ஓரம் தானே விலகும் என்று யோசனையும் சொன்னார். வெட்டினேன், ஒன்றும் விலகவில்லை. நகம் வளர்வது வேரிலிருந்து, நுனியில் கோலம் போட்டால் ஓரம் எப்படி விலகும்? மெடிக்கலில் வாங்கிய மாத்திரைக்கு ஐந்து நாள் சீழ் வற்றும், விட்டால் மறுபடி விண் விண்ணென்று தெறிக்கும். குத்துகிற முள் உள்ளேயே இருக்கும்போது மாத்திரையைக் குறை சொல்லிப் பயனில்லை.

அப்புறம் ஓர் ஆஸ்பத்திரியில், பெயர் வேண்டாம், ஊசி போட்டு முழு நகத்தையும் பிடுங்கிவிட்டார்கள். விட்டது சனி என்று இருந்தேன். புது நகம் முழுசாக வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது, வந்த நகம் அதே மூலையில் அதே சதைக்குள் ஏறியது.

இரண்டாம் தடவை தேனியில் ஒரு சர்ஜன் பார்த்தார். விரலின் அடியில் இரண்டு பக்கமும் மரத்துப்போக ஊசி (மொத்த வைத்தியத்திலும் வலித்தது இது ஒன்றுதான்), ரத்தம் வராமல் இருக்க விரலைச் சுற்றி ரப்பர் கட்டு. நகத்தின் ஓரத்தில் மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு கீற்றை மட்டும் வேர் வரை வெட்டி உருவினார். பிறகு பஞ்சுக் குச்சியில் ஃபீனால் என்கிற, சதையைக் கருக்கும் மருந்தைத் தொட்டு அந்த வேரில் வைத்துத் தேய்த்தார், சின்ன வயசில் தேய்த்துக் குளித்த சிவப்பு சோப்பின் வாசனை அறை முழுக்க. அந்த ஓரத்து வேர் கருகிவிட்டால் அங்கே நகம் திரும்ப முளைப்பது அபூர்வமாம். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மூன்று வாரம் நீர் மாதிரி கசிந்தது, தினம் கழுவிக் கட்டு மாற்றினேன், அவ்வளவுதான். நகம் கொஞ்சம் ஒல்லியாகிவிட்டது, அதை யார் பார்க்கப்போகிறார்கள்.

எங்கள் ஜீப்பில் வரும் ஓர் அக்காவுக்கு சர்க்கரை. காலில் உணர்ச்சி குறைந்திருந்ததால் வலி தெரியாமல் பிளேடால் நோண்டி நோண்டி விரலே கறுக்க ஆரம்பித்துவிட்டது. அவரைப் பார்த்த டாக்டர் நகத்தைத் தொடுவதற்கு முன்னால் பாதத்தில் நாடி பிடித்து, ரத்த ஓட்டம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தார். சர்க்கரைக்காரர்கள் தயவுசெய்து வீட்டில் பிளேடு எடுக்காதீர்கள். மற்றவர்களும் நகத்தை நேராக வெட்டுங்கள், மூலை சதைக்கு வெளியே தெரியட்டும். லேசாகக் குத்த ஆரம்பிக்கும்போதே வெந்நீரில் காலை ஊறவைத்து, ஓரத்தைத் தூக்கி ஒரு பஞ்சுத் திரியை அடியில் வைத்தால் பல பேருக்குக் கத்தியே தேவைப்படாது.

ஃபீனால் ஒன்றும் விலை கூடிய மருந்து இல்லை, இதற்குப் பெரிய ஆபரேஷன் தியேட்டரும் வேண்டாம். எல்லைப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிகளில் வாரம் ஒரு நாளாவது, மழை மாதங்களிலாவது, முழு நகத்தைப் பிடுங்காமல் இந்த முறையில் செய்து கொடுத்தால் ஒரு நாள் கூலியோடு போகும். எனக்கு இரண்டு வைத்தியத்திலும் சேர்த்து ஒன்றரை மாதக் கூலி போய்விட்டது.

இப்படிக்கு,
ஏலத்தோட்டத் தொழிலாளி ஒருத்தி,
கம்பம்