மார்லோவும் கம்யூனிஸ்டா?

ஆசிரியருக்கு,

அரசுப் பணத்தில் நாடகம் எதற்கு என்று கேட்பவர்கள் அமெரிக்காவின் ஃபெடரல் தியேட்டர் திட்டத்தைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம். பெரும் பொருளாதார மந்தக் காலத்தில், 1935-ல், வேலையிழந்த நடிகர்களுக்கும் மேடைத் தொழிலாளர்களுக்கும் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது அது. கம்யூனிஸ்ட் கூடாரம் என்று பழி வந்தது. 1938-ல் அதன் தலைவர் ஹாலி ஃபிளனகனை விசாரித்தபோது, பழைய ஆங்கில நாடகாசிரியர் கிறிஸ்டோபர் மார்லோவின் பெயர் அடிபட்டது. 'அவர் கம்யூனிஸ்டா?' என்று கேட்டார் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர். மார்லோ இறந்தது 1593-ல்! எல்லோரும் சிரித்தார்கள். சரி, சிரித்து என்ன பயன்? அடுத்த ஜூனில் நிதியை நிறுத்திவிட்டார்கள். இத்தனைக்கும் வேலையற்றோருக்கு வேலை தர அரசு செய்த நிவாரணச் செலவில் நாடகத்தின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கணக்கைக் காட்டி மூடச் சொல்பவர்கள், எந்த நாடகம் உறுத்தியது என்பதையும் சொல்லிவிடலாமே.

- ஒரு வாசகர்