பருவ இறுதிக் கடிதம்: பிள்ளைகளின் பேச்சு பற்றி

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் தமிழ்ப் பள்ளியின் இந்தப் பருவமும் முடியப்போகிறது. பொங்கல் விழா நன்றாக நடந்தது, குறள் ஒப்புவித்தலில் சின்னக் குழந்தைகள் அசத்தினார்கள், சனிக்கிழமை காலையில் வந்து மேசை நாற்காலி எடுத்துப்போட்ட எல்லாருக்கும் நன்றி. சரி, நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒரு விஷயத்துக்காக.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த முறை கொடுத்த பேச்சுத் தலைப்பு ‘நம் ஊர்ப் பள்ளியில் படித்தவர்கள்’. கலிபோர்னியாவின் கூப்பர்டினோவில் இருக்கும் ஹோம்ஸ்டெட் உயர்நிலைப் பள்ளியை எடுத்துக்கொண்டோம். 1962-இல் திறந்த அரசுப் பள்ளி. ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஸ்டீவ் வாஸ்னியாக் 1968-இலும் ஸ்டீவ் ஜாப்ஸ் 1972-இலும் படித்து முடித்தது அங்கேதான், இருவரையும் அறிமுகப்படுத்திவைத்த பில் ஃபெர்னாண்டஸும் அதே பள்ளி மாணவர். அதே ஹோம்ஸ்டெட் சாலையில் கிழக்கே போனால் ஆப்பிளின் தலைமையகமான ஆப்பிள் பார்க். பிள்ளைகள் அடிக்கடி பார்க்கிற இடம், சொல்ல நிறைய இருக்கும் என்று நம்பிக் கொடுத்தோம்.

வந்த பேச்சுகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி. “தொலைநோக்குப் பார்வை கொண்ட மாமனிதர்” என்று ஒரு பிள்ளை கடகடவென்று சொன்னாள். தொலைநோக்கு என்றால் என்னம்மா என்று ஆசிரியை அன்பாகத்தான் கேட்டார், அவளுக்குத் தெரியவில்லை, கண் கலங்கிவிட்டது. அப்பா எழுதித் தந்ததாம். இன்னும் சிலர் சாட்ஜிபிடி எழுதியதை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டு படித்தார்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரியாமல் இல்லை. வாரம் முழுக்கப் பள்ளி, நீச்சல், கோடிங் என்று ஓடிவிட்டு வெள்ளி இரவு பத்து மணிக்கு “அம்மா, நாளைக்குத் தமிழ்ப் பேச்சு” என்று பிள்ளை வந்து நின்றால் எந்தப் பெற்றோருக்கும் கை தானாகப் பேனாவைத் தேடும், என் மகள் படித்தபோது நானும் எழுதித் தந்திருக்கிறேன்.

ஆனாலும் நேராகவே சொல்லிவிடுகிறேன். இனி பெற்றோரோ கணினியோ எழுதிய பேச்சுக்கு மதிப்பெண் கிடையாது, எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. பன்னிரண்டாம் வகுப்பில் கலிபோர்னியாவின் இருமொழி முத்திரைக்காக (இரண்டு மொழிகளில் தேர்ச்சி பெற்றவர்களுக்குப் பள்ளிச் சான்றிதழில் தருவது) தேர்வு எழுதும்போது நீங்கள் யாரும் பக்கத்தில் உட்கார முடியாது.

அன்றைக்கு ஒரு பையன் தானாகத் தயாரித்துக்கொண்டு வந்தான். வாஸ்னியாக் டிக் டிக் என்று சத்தம் போடும் ஒரு கருவியைச் செய்து லாக்கரில் வைத்தாராம், பள்ளி முதல்வர் வெடிகுண்டு என்று நினைத்து அதை மைதானத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாராம், அந்தக் குறும்புக்கு ஓர் இரவு சிறார் காவலில் இருக்க வேண்டிவந்ததாம். வாக்கியத்துக்கு ஒரு பிழை இருந்தது, வகுப்பே வாய்விட்டுச் சிரித்தது. இன்னொரு மாணவி அங்கே மின்னணுவியல் கற்பித்த ஜான் மெக்கல்லம் பற்றிப் பேசினாள். வகுப்பில் கற்றுத்தர இனி ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் வாஸ்னியாக்கை வாரம் ஒருமுறை சில்வேனியா நிறுவனத்துக்கு அனுப்பி, கணினியில் நிரல் எழுத வழி செய்தவர் அவர். “இந்த சார் பேர் மட்டும் ஏன் யாருக்கும் தெரியல?” என்று கேட்டு முடித்தாள். எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அப்புறம், ஜாப்ஸ் பள்ளி வயதில் தான் செய்துகொண்டிருந்த கருவிக்கு உதிரி பாகம் வேண்டும் என்று தொலைபேசிப் புத்தகத்தில் எண்ணைத் தேடி எச்பி மின்னணு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் ஹூலெட்டிடம் பேசியிருக்கிறார். அப்பாவைப் பேசச் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை அதே தலைப்பில் மறுபடி பேசலாம், இரண்டு நிமிடம் போதும், விருப்பம் இருப்பவர்கள் மட்டும். வீட்டில் ஒரு முறை உட்கார்ந்து கேளுங்கள். சொல் தெரியாமல் கேட்டால் சொல்லிக்கொடுங்கள், நடுவில் ஆங்கிலம் வந்தால் வரட்டும்.

ஒவ்வொரு வாரமும் தூக்கம் கலையாத பிள்ளையை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து விடுகிறீர்கள். அதற்கு என் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்