மனிதச் சங்கிலியில் என் மகனும் நின்றான்

மாவட்ட நிர்வாகத்துக்கும் மருத்துவத் துறை அதிகாரிகளுக்கும், வணக்கமுங்க.

ஜூன் 26 அன்று எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தின் முன்னால் நடந்த போதை ஒழிப்பு மனிதச் சங்கிலிக்கு நல்ல கூட்டம். தொப்பி, பதாகை, போட்டோ எதற்கும் குறைவில்லை. கை நீட்டி உறுதிமொழி எடுத்த கல்லூரிப் பிள்ளைகளில் என் மகனும் ஒருவன். அன்றைக்கும் அவன் பையில் கஞ்சாப் பொட்டலம் இருந்தது என்று எனக்கு ஆகஸ்டில்தான் தெரிந்தது.

தெரிந்ததும் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். வழியெல்லாம், "அது வெறும் செடிதானப்பா, நினைச்சா விட்டுருவேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். உள்ளே போனால் அங்கிருந்தவரும், "குடின்னா சேர்த்துக்கலாம். கஞ்சாவுக்கெல்லாம் யாரும் அடிமையாக மாட்டாங்க, மனசு வெச்சாப் போதும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டு பேரும் ஒரே கட்சி. நான் மட்டும் எதிர்க்கட்சி.

சரி, மனசு வைத்தான். முதல் நாள் எரிச்சல். இரண்டாம் நாளிலிருந்து தூக்கமில்லை. அரிசிம்பருப்புச் சோற்றை இரண்டு வாய்க்கு மேல் தொடவில்லை. விடிகாலை தலையணை உறை பிழிந்தெடுக்கிற மாதிரி வேர்வையில் நனைந்து கிடக்கும். எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்குடோன். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில்தான் தூங்கியிருக்கிறான். இருந்தாலும், பையன் கண்ணயரட்டும் என்று ராத்திரி ஷிப்டை நிறுத்தி நாலு தறியையும் அணைத்தேன். நாலு ராத்திரி கூலி போனது. ஐந்தாம் ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து வந்து, "தறிய ஓட்டுங்கப்பா, இந்த அமைதியில தலை வெடிக்குது" என்று வாசற்படியில் உட்கார்ந்து அழுதான். அவன் அம்மா அவன் தலையைத் தடவிக்கொண்டு, "சாமி, சாமி" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. எட்டாம் நாள் மறுபடியும் பொட்டலம் வாங்கினான்.

கடன் வாங்கிக் கோயம்புத்தூரில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. கஞ்சாவை நிறுத்தினால் வரும் தூக்கமின்மை, எரிச்சல், பசியின்மைக்கெல்லாம் மருத்துவத்தில் பெயரே இருக்கிறதாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013லேயே தன் கையேட்டில் சேர்த்துவிட்டதாம். முதல் வாரம்தான் உச்சமாம். புகைத்துப் பார்ப்பவர்கள் எல்லோரும் அடிமையாவதில்லை, அதுவும் உண்மை. அமெரிக்காவில் எடுத்த கணக்கில் அடிமையாகிறவர்கள் நூற்றுக்கு சுமார் 9 பேர். பதின்வயதில் தொடங்கியவர்களில் 6 பேருக்கு ஒருவர். நம் நாட்டுக்கு எய்ம்ஸ் 2019இல் கொடுத்த அறிக்கையில், கஞ்சாப் பழக்கத்துக்கு உதவி தேவைப்படுவோர் சுமார் 72 லட்சம் பேர். அத்தனை பேரும் மனசு வைக்கத் தெரியாதவர்களா?

இதற்கென்று தனி மாத்திரை எதுவும் இல்லையாம். உட்கார வைத்துப் பேசும் சிகிச்சைதான் முக்கியமாம். அதனால் கட்டடம் கேட்கவில்லை, படுக்கை கேட்கவில்லை. தாலுகா மருத்துவமனையில் வாரம் ஒரு நாள், பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகரும் ஒரு மனநல மருத்துவரும் வேண்டும்.

இன்னொன்று. போதைக்கு அடிமையான ஒருவர், பயன்படுத்தியதற்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ பிடிபட்டாலும், தாமாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் முழுச் சிகிச்சையும் எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு என்று 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு சொல்கிறது. எந்தப் பதாகையிலும் அதைக் காணோம். மருத்துவமனைக்குப் போனால் போலீசுக்குப் போய்விடும் என்று பயந்து பிள்ளையை அறையில் பூட்டி வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். ஏற்கெனவே எங்கள் பக்கம் பையன்களுக்குப் பெண் கிடைப்பது குதிரைக்கொம்பு. கேஸ் வேறு ஆனால் கேட்கவே வேண்டாம்.

குடிக்கு மட்டும் சிகிச்சை உண்டு என்றால், அது நியாயம்தான். விற்பதும் அரசு, தெளிய வைப்பதும் அரசு. கஞ்சாவை நீங்கள் விற்காததால் பொறுப்பும் இல்லை போலிருக்கிறது. மன்னிக்கவும், கோபத்தில் பேச்சு வேறெங்கோ போகிறது.

கேட்பது ஒன்றே ஒன்றுதானுங்க. வாரம் ஒரு நாள், ஓர் அறை, இரண்டு பேர். "கஞ்சாப் பழக்கத்துக்கு இங்கே சிகிச்சை உண்டு, வழக்குக்குப் பயப்பட வேண்டாம்" என்று வாசலில் ஒரு போர்டு. எந்தக் கிழமை என்று நீங்களே முடிவு செய்யுங்கள். செவ்வாய் மட்டும் வேண்டாம். அன்று சந்தை, பஸ்ஸில் நிற்கவும் இடமிருக்காது.

இப்படிக்கு,
நாலு தறிக்காரன்