வாசகர் சொன்னதும் பதிவேட்டில் ஏற வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் பகுதிகளில் பொது நூலகங்களும் அவற்றைச் சார்ந்த வாசகர் வட்டங்களும் வாட்ஸ்அப் குழு, முகநூல் பக்கம் என்று தொடங்கி வருவதை மனமார வரவேற்கிறேன். ஆனால், நான் பார்த்தவரையில் இவற்றுள் பெரும்பாலானவை அறிவிப்புப் பலகையாகவே நின்றுவிடுகின்றன. புரவலர் ஒருவர் சேர்ந்தார், நூலக வார விழா நடந்தது, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை அணிவிக்கப்பட்டது என்று படங்கள் தவறாமல் வருகின்றன. வாசகர் கேட்ட கேள்விக்கு நூலகம் சொன்ன பதிலையோ, வாசகர் தந்த ஒரு தகவல் நூலகத்தின் பதிவேட்டில் ஏறியதையோ அங்கே காண்பது அரிதாக இருக்கிறது. இந்தக் குறையைப் பற்றியே எழுதுகிறேன்.

‘நூலகம் 2.0’ என்ற பெயரை 2005-இல் அமெரிக்க நூலகர் மைக்கேல் கேசி முன்வைத்தபோது, நூலகச் சேவையைத் திட்டமிடுவதிலும் மாற்றுவதிலும் வாசகருக்குப் பங்கு இருக்க வேண்டும் என்பதே அதன் மையக் கருத்தாக இருந்தது. அதற்குப் பிறகு சமூக வலைத்தளங்களை நன்றாகப் பயன்படுத்திய நூலகங்களைப் பார்த்தால், அவை எல்லாமே வாசகரின் அறிவைக் கேட்டுப் பெற்ற நூலகங்களாக இருக்கின்றன. அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகம் 2008 ஜனவரியில் தன்னிடமிருந்த பழைய புகைப்படங்களில் சுமார் 3,000 படங்களை, படங்களைப் பகிர்வதற்கான ஃப்ளிக்கர் தளத்தில் வெளியிட்டது. படத்தில் இருப்பவர் யார், எந்தத் தெரு, எந்த ஆண்டு என்று பொதுமக்கள் எழுதத் தொடங்கினார்கள். நூலகப் பணியாளர்கள் அவற்றைச் சரிபார்த்து, உறுதியானவற்றைத் தங்கள் நூற்பட்டியலிலேயே சேர்த்து, அந்தத் தகவல் ஃப்ளிக்கர் வாசகர்களிடமிருந்து வந்தது என்ற குறிப்பையும் உடன் பதிந்தார்கள். படத்தை வலையேற்றுவது யாருக்கும் எளிது. அதன் கீழே வந்த கருத்தைப் படித்து, விசாரித்து, பட்டியலைத் திருத்திய உழைப்புதான் அந்த முயற்சிக்கு மதிப்பைத் தந்தது.

ஆஸ்திரேலிய தேசிய நூலகம் அதே 2008-இல் பழைய செய்தித்தாள்களை மின்வடிவமாக்கி இணையத்தில் வைத்தபோது, கணினி தவறாகப் படித்த எழுத்துகளை வரி வரியாகத் திருத்தும் வசதியைப் பொதுமக்களுக்கே திறந்துவிட்டது. யாரோ வந்து கெடுத்துவிடுவார்கள் என்று அஞ்சாமல், அசல் பக்கத்தின் படத்தைப் பக்கத்திலேயே வைத்து, வாசகரை நம்பியது. தமிழில் இதற்கு இணையான பணி, விக்கிப்பீடியாவின் துணைத் தளமான விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் நடந்து வருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கிய நாட்டுடைமை நூல்களைத் தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக மெய்ப்புப் பார்க்கிறார்கள். ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு தெரியாமல் கணினி குழப்பி வைத்ததை அவர்கள் கண்ணால் பார்த்துத் திருத்துகிறார்கள். இந்தப் பணியில் நம் ஊர்க் கிளை நூலகங்களுக்கும் இடம் உண்டு. ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் ஒன்றாக வந்து உட்காரும் இடம் நூலகத்தைத் தவிர வேறு எங்கே இருக்கிறது?

இணையக் குழு உண்மையிலேயே பயன்பட்டதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். எங்கள் பகுதியிலுள்ள ஒரு கிளை நூலகத்தின் வாட்ஸ்அப் குழுவில், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண், பழைய பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடநூல் கிடைக்குமா என்று இரவில் கேட்டிருந்தார். மறுநாள் நூலகத்தைத் திறந்ததும் நூலகர் அந்த அலமாரித் தட்டைப் படமெடுத்துப் போட்டு, “இரண்டு படிகள் இருக்கின்றன, ஒன்றை உங்களுக்காக எடுத்து வைத்திருக்கிறேன் அம்மா” என்று எழுதினார். உடனே இன்னொரு வாசகர், தன் மகன் தேர்வு முடித்துவிட்டதாகவும் அவனுடைய குறிப்பேடுகளை நூலகத்திலேயே கொண்டுவந்து வைப்பதாகவும் சொன்னார். வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்று சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் தம் ஐந்து நூலக விதிகளில் நான்காம் விதியாக வகுத்ததை, அந்த நூலகர் தன் கைப்பேசியிலேயே நடத்திக் காட்டினார். அவருக்குப் பணிமாறுதல் வந்தது. குழு அவருடைய சொந்த எண்ணில் இருந்ததால், அவர் விலகியதும் அது ஓய்ந்துவிட்டது. கேள்விகள், பதில்கள், நூல் பரிந்துரைகள் எதுவும் அடுத்து வந்தவருக்குக் கிடைக்கவில்லை.

இதில் அந்த நூலகரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. நூலகத்தின் பெயரில் ஓர் எண்ணும் ஒரு கருவியும் தராமல், இணையப் பணியை ஊழியரின் சொந்த ஆர்வத்துக்கு விட்டுவைப்பதுதான் தவறு. சமூக வலைத்தளங்களில் ஆர்குட் 2014-இல் மூடப்பட்டது, கூகுள் பிளஸ் 2019-இல் மூடப்பட்டது. அங்கே கூடிப் பேசியவர்களின் உரையாடல்கள் அவற்றோடு போயின. ஆகவே குழு எந்தத் தளத்தில் நடந்தாலும், அதில் தேறியதை மாதம் ஒருமுறையாவது எடுத்து நூலகத்தின் சொந்தப் பதிவேட்டில் ஏற்றும் வழக்கம் வேண்டும்.

பெண் வாசகர்களின் கவலையையும் சொல்லியாக வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தவுடன் ஒருவருடைய கைப்பேசி எண் மற்ற எல்லோருக்கும் தெரிகிறது. வேண்டாத செய்திகள் வந்ததால் குழுவை விட்டு வெளியேறிய மாணவிகளை எனக்குத் தெரியும். வாட்ஸ்அப் சேனலில் எண் வெளியே தெரியாது, ஆனால் அங்கே வாசகர் பேச முடியாது. எனவே அறிவிப்புக்குச் சேனலும், கேள்விக்கு நூலக எண்ணுக்கே நேராக அனுப்பும் முறையும், விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும் உரையாடல் குழுவும் என்று பிரித்து வைப்பது நல்லது. அதேபோல, அண்மையில் வெளிவந்த நூல்களை வருடியெடுத்துக் குழுவில் பகிர்வதை நூலகம் அனுமதிக்கக் கூடாது. ஆசிரியரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் காப்புரிமை உண்டு என்பது நம் நாட்டுச் சட்டம். எழுத்தாளரை மதிக்க வாசகருக்குக் கற்றுத் தர வேண்டிய இடமே அதை மீறக் கூடாது. கைப்பேசி இல்லாத முதியவர்களுக்காகவும் பீடி சுற்றும் பெண்களுக்காகவும், குழுவில் வந்த கேள்வி பதில்களைத் தாளில் எழுதி நாளிதழ் மேசைக்கு அருகே ஒட்டலாம். அவர்கள் சொல்லும் பதிலையும் குழுவில் சேர்க்கலாம்.

நம் மாவட்டத்துக்கு இந்தக் கருவிகள் வேறு எந்த மாவட்டத்தையும்விட அதிகம் தேவைப்படுகின்றன என்று நினைக்கிறேன். பழைய வடஆற்காடு 1989-இல் இரண்டானது; எஞ்சியிருந்த வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றானது. நிர்வாகத்துக்கு அது வசதியாக இருக்கலாம். ஆனால் ஆம்பூரின் தோல் தொழிலும் குடியாத்தத்தின் கைத்தறியும் வாலாஜாவின் பழைய கடைத்தெருவும் ஒரே வரலாற்றைச் சேர்ந்தவை. அவற்றைப் பற்றிய படங்களும் துண்டறிக்கைகளும் கடைக் கணக்குகளும் பல வீடுகளின் பரண்களில் கிடக்கின்றன. பாலாறும் மாவட்ட எல்லை பார்த்து ஓடுவதில்லை. 1903-இல் மைசூர்ப் பகுதியில் ஏரிகள் உடைந்து பாலாறு வாணியம்பாடியைச் சூறையாடியது. அதைக் கண்ட தலைமுறை இன்று இல்லை. 2021 நவம்பரில் பாலாறு பெருகி ஓடியதையோ கரையோர மக்கள் ஆயிரக்கணக்கில் கைப்பேசியில் படமெடுத்தார்கள். கைப்பேசி மாற்றும்போதெல்லாம் அந்தப் படங்கள் அழிந்துகொண்டிருக்கின்றன.

1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி நாம் அனைவரும் சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்துகிறோம். அந்த நிதியில் மாவட்ட மைய நூலகத்துக்கும் கிளை நூலகங்களுக்கும் ஒரு கைப்பேசியும் நூலகத்தின் பெயரில் ஓர் எண்ணும் வாங்கித் தருவது பெருஞ்செலவு ஆகாது. அதோடு, நூலகரின் பணிநேரத்தில் நாளொன்றுக்கு அரை மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்கி ஆணை பிறப்பிக்க வேண்டும். இரவிலும் விடுமுறையிலும் பதில் சொல்லும்படி அவரை வருத்தக் கூடாது.

மூன்று மாவட்டங்களின் பொது நூலகங்களும் சேர்ந்து, முதல் பணியாக 2021 வெள்ளப் படங்களைத் திரட்ட வேண்டும் என்று தங்கள் இதழின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். எடுத்த இடம், நாள், எடுத்தவரின் ஒப்புதல் ஆகிய மூன்றையும் வாசகரிடமிருந்து பெற்று, ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் கொடுத்துப் பதிய வேண்டும். எந்தப் பாலத்தின் அருகே, எந்தக் கரையில் எடுத்தது என்று தெரியாத படங்களைக் குழுக்களில் வெளியிட்டால், அடையாளம் சொல்ல ஊரார் இருக்கிறார்கள். குடியாத்தம் பகுதிப் படங்களைத் திரட்டித் தர எங்கள் வாசகர் வட்டத்தினர் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர் வட்ட உறுப்பினர் ஒருவர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.